எண் காத்த ஜான் போஸ்டெல்

புதுச்சேரி நகரில் பிரான்சு நாட்டோடு உறவுகொண்ட குடும்பங்கள் பல உள்ளன. முற்காலத்தில் அந்நாட்டிலிருந்து ஒரு கடிதம் கப்பலேறிக் கடல் கடந்து வந்து சேர்வதற்குப் பல வாரங்கள் ஆகும். இன்று புதுச்சேரியிலுள்ள பாட்டியார் பாரிசிலுள்ள பேரனுக்கு ஒரு மின்மடல் விடுத்தால், அவர் நாற்காலியை விட்டு எழுமுன்னரே அம்மடல் பேரனின் கைக்கருவியில் தோன்றிவிடுகிறது. இடையில் எத்தனையோ கணிப்பொறிகள் அதனைக் கைமாற்றிக் கொடுக்கின்றன. அவை ஒன்றையொன்று முன்பின் அறியா. ஒரே நாட்டினவும் அல்ல. ஒரே நிறுவனத்தார் செய்தவையும் அல்ல. ஆயினும், மடல் வழி தவறுவதில்லை. எந்த எண் எந்த இடத்தைக் குறிக்கும், எந்த எண் எந்தப் பணியைக் குறிக்கும், எந்தப் பெயர் எந்த நாட்டுக்கு உரியது என்பவற்றை உலகம் முழுவதும் ஒரே வகையாக ஏற்றுக்கொண்டிருப்பதே அதற்குக் காரணமாகும்.

இவ்வொழுங்கை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்து வந்தவர் ஒருவர். அவர் அரசர் அல்லர், அமைச்சர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். நீண்ட தாடியும் காலில் எளிய செருப்புமாக நடமாடிய ஓர் ஆராய்ச்சியாளர். அவர் பெயர் ஜான் போஸ்டெல். ஆங்கிலத்தில் அஞ்சலைக் குறிக்கும் சொல்லோடு அவர் பெயர் ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே எனினும், பொருத்தமாகத்தான் அமைந்தது.

போஸ்டெல் 1943ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆல்டடீனா என்னும் ஊரில் பிறந்தார். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் இணையத்தின் தோற்றத்திற்குப் பெரிதும் உழைத்த விண்டன் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் என்னும் இருவரும் அப்பள்ளியில் பயின்றவர்களே. பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, 1966இல் இளநிலைப் பட்டமும் 1968இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1974இல் அங்கேயே கணிப்பொறி இயலில் முனைவரானார்.

அவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அப்பல்கலைக்கழகத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. தொலைவிலுள்ள கணிப்பொறிகளைக் கம்பிவழி இணைத்து ஒன்றோடொன்று பேசச் செய்யும் முயற்சியை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவொன்று மேற்கொண்டது. ஆர்ப்பாநெட் என்பது அவ்வலையின் பெயர். அதன் முதற்கண்ணி லாஸ் ஏஞ்சல்சில் அமைந்தது. 1969ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு முதற்செய்தி சென்றது. ஆங்கிலச் சொல் ஒன்றன் முதலிரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தவுடன் எதிர்ப்புறத்துக் கணிப்பொறி நின்றுவிட்டது. அன்று முழுச்சொல் போய்ச் சேர மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

கணிப்பொறிகள் உரையாடுவதற்கு விதிகள் வேண்டும். யார் முதலில் பேசுவது, கேட்டதற்கு அடையாளமாக என்ன சொல்வது, பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பனவெல்லாம் முன்னரே வரையறுக்கப்படல் வேண்டும். அவ்விதிகளை வகுக்க முன்வந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். தாங்கள் ஆணை பிறப்பிப்பதாகப் பெரியோர் எண்ணிவிடுவரோ என அவர்கள் அஞ்சினர். ஆதலின் கிராக்கர் 1969ஆம் ஆண்டு ஏப்பிரலில் எழுதிய முதற்குறிப்புக்குக் கருத்து வேண்டும் குறிப்பு எனப் பணிவான பெயர் ஒன்றைச் சூட்டினார். ஆர்.எஃப்.சி. என ஆங்கில எழுத்துகளால் சுருக்கி வழங்கப்படுவது இதுவே. இக்குறிப்புகளுக்கு எண்ணிட்டு, பிழை களைந்து, உரியவர்க்கு அனுப்பி வைக்கும் பொறுப்பைப் போஸ்டெல் மேற்கொண்டார். அப்பொறுப்பை அவர் தம் இறுதிநாள் வரையில் இறக்கி வைக்கவே இல்லை.

பதிப்பாசிரியர் வேலை எளிது என்று சிலர் கருதுவர். குறிப்பு எழுதுவோர் அறிவாற்றல் மிக்கவர். ஆனால், அறிவாற்றல் மிக்கோர் யாவரும் தெளிவாக எழுதுவர் என்பதற்கில்லை. ஒரு சொல் இருபொருள் பட்டால், ஒருவர் ஒரு பொருள் கொண்டும் மற்றவர் மறுபொருள் கொண்டும் நிரல் எழுதுவர். அவ்விரண்டு கணிப்பொறிகளும் பேசிக்கொள்ளா. ஆகவே, போஸ்டெல் ஒவ்வொரு குறிப்பையும் ஊன்றிப் படித்தார், ஐயத்திற்கு இடமான பகுதிகளை ஆசிரியருக்கே திருப்பி அனுப்பினார், பொருந்தாதவற்றை மறுத்தார். பலர் அவர் கண்டிப்பைக் குறைகூறினர். எனினும், அவர் காலத்தில் வெளிவந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளுள் இருநூறுக்கும் மேற்பட்டவை அவரே தனித்தும் பிறரோடு கூடியும் எழுதியவை என்பதை நோக்கின், பிறரிடம் எதிர்பார்த்த உழைப்பைத் தாமும் நல்கியவர் அவர் என்பது விளங்கும்.

எண்களின் பொறுப்பு அவரிடம் வந்த வகை சுவையானது. ஒரே கணிப்பொறி மடலையும் ஏற்கும்; கோப்புகளையும் வழங்கும்; தொலைவிலிருந்து வருவோர்க்கு இடமும் கொடுக்கும். வருகின்ற செய்தி இவற்றுள் எதற்கு உரியது என்பதை அறிய ஒவ்வொரு பணிக்கும் ஒரு வாயில் எண் தேவைப்பட்டது. ஆளுக்கோர் எண்ணைத் தாமே வைத்துக்கொண்டால் குழப்பம் நேரும் அன்றோ? 1972ஆம் ஆண்டு மே திங்களில் போஸ்டெல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். இவ்வெண்களை வழங்க ஒருவர் வேண்டும் என்று முன்மொழிந்து, அவ்வொருவர் தாமாக இருக்கலாமோ என்று ஐயக்குறியோடு கேட்டிருந்தார். மறுப்புரைப்பார் எவரும் இலர். அன்று ஒரு குறிப்பேட்டில் எழுதத்தக்க அளவில் இருந்த பட்டியல் பின்னர்ப் பல பக்கங்களாக வளர்ந்தது. புதுப் பணி ஒன்றைக் கண்டவர் அவருக்கு எழுதுவார், அவர் அதன் தன்மையைக் கேட்டறிந்து ஓர் எண் வழங்குவார், பட்டியலில் பதிவார். கட்டணம் இல்லை, விண்ணப்பத்தாள்களின் அடுக்கும் இல்லை.

இப்பட்டியல் ஏட்டில் உறங்கிக் கிடந்தது அன்று. வலைப்பணிகளுக்கான நிரல்களை ஒவ்வொருவரும் அடிமுதல் எழுதுவதில்லை. ஒருவர் எழுதிப் பலரும் எடுத்தாளும் நிரல் தொகுப்பை நிரலகம் என்பர். பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 1983இல் வெளியிட்ட கணிப்பொறி இயக்கத் தொகுதியில் அத்தகைய வலை நிரலகம் இடம்பெற்றது. 1989இல் அதன் வலைப்பகுதியை, மூலநிரல் மறைக்கப்படாமல், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிட்டனர். இவ்வகை மென்பொருளையே இன்று திறமூல மென்பொருள் என்றும் கட்டற்ற மென்பொருள் என்றும் வழங்குகிறோம். அந்நிரலகத்தோடு, திரையில் ஒரு வரி தட்டச்சிட்டு இயக்கும் கட்டளைக் கருவிகளும் வந்தன. டெல்நெட், எஃப்.டி.பி. என்னும் கருவிகளின் பெயர்கள் போஸ்டெல் எழுதிய விதிகளின் பெயர்களே ஆகும்.

லினக்சு கணிப்பொறியைப் பயன்படுத்தும் மாணவர் எவரும் அதனுள் பணிகளின் பட்டியலாக உள்ள சிறு கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்கலாம். கோப்புகளைக் கொண்டு செல்ல 21, தொலைநுழைவுக்கு 23, மின்மடலுக்கு 25, பெயர் வினவ 53, வலைப்பக்கங்களுக்கு 80. டிம் பெர்னர்ஸ் லீ கண்ட உலகளாவிய வலைக்கு 80 என்னும் எண் 1992இல் பட்டியலில் ஏறியது. வலைப்பக்கங்கள் உலகை ஆட்கொள்ளும் என்று அன்று எவரும் அறியார். நூற்றுக்கணக்கான பணிகளுள் ஒன்றாக அதுவும் தன் எண்ணைப் பெற்றுச் சென்றது.

1977ஆம் ஆண்டு போஸ்டெல் தென்கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செய்தி அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். கடற்கரையூராகிய மரீனா டெல் ரே என்னுமிடத்தில் அந்நிறுவனம் இருந்தது. அங்கு வந்த சில திங்களிலேயே அவர் எழுப்பிய ஒரு தடை இணையத்தின் அமைப்பையே மாற்றியது. அப்பொழுது டி.சி.பி. எனப்பட்ட ஒரே விதித்தொகுதி இரு வேலைகளைச் செய்து வந்தது. செய்தித் துண்டுகளை வலையிலிருந்து வலைக்கு வழிநடத்துவது ஒன்று. துண்டுகள் யாவும் வந்து சேர்ந்தனவா என்று சரிபார்த்து வரிசைப்படுத்துவது மற்றொன்று. தபால்காரர் கடிதத்தைக் கொண்டு சேர்த்தால் போதும். அதைப் படித்துப் பொருள் சரியா என்று பார்ப்பது பெறுபவர் கடமை. இரண்டையும் ஒருவர் தலையில் ஏற்றுதல் தவறு என்று போஸ்டெல் 1977 ஆகஸ்டில் எழுதினார். செர்ஃப், டேனி கோஹன் முதலியோரும் இக்கருத்துக்கு வந்தனர். 1978இல் அத்தொகுதி டி.சி.பி. என்றும் ஐ.பி. என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வழிநடத்தும் பகுதி தனித்து நின்றமையால், சரிபார்த்தலுக்குக் காத்திராமல் விரைந்து செல்லவேண்டிய குரலும் படமும் பிற்காலத்தில் வேறு விதிகளின்படி அதன்மீது செல்ல இயன்றது.

1981ஆம் ஆண்டு செப்டம்பரில் இவ்விதிகளின் நிறைவடிவத்தைப் போஸ்டெல் 791, 792, 793 என்னும் எண்களுடைய குறிப்புகளாகப் பதிப்பித்தார். நடுவிலுள்ள 792ஆம் குறிப்பு, ஒரு கணிப்பொறி மற்றொன்றை அழைத்து மறுகுரல் கேட்கும் முறையைக் கூறுவது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தம் வலையில் நேர்ந்த கோளாறு ஒன்றைக் கண்டறிய, அம்முறையைப் பயன்படுத்திப் பிங் என்னும் சிறுகருவியை எழுதினார். வலையைப் பராமரிப்போர் இன்றும் முதலில் கையிலெடுப்பது அக்கருவியையே.

விதிகளோடு போஸ்டெல் நிரல் எழுதுவோர்க்கு ஓர் அறிவுரையும் சேர்த்திருந்தார். பிறர்க்கு அனுப்பும்போது விதியினின்று இம்மியும் வழுவலாகாது. பிறர் அனுப்புவது சற்றே பிழைபட்டிருப்பினும் பொருள் விளங்குமாயின் ஏற்றுக்கொள்ளல் வேண்டும் என்பது அதன் கருத்து. பல்வேறு கைகளால் எழுதப்பட்ட நிரல்கள் தொடக்கத்தில் ஒன்றோடொன்று இணங்கி நடக்க இப்பெருந்தன்மை உதவியது. பிற்காலத்தார் சிலர் இதனை மறுத்தனர். பிழையைப் பொறுத்துக்கொண்டே போனால் பிழையே விதியாகிவிடும். தீயோர் அதனுள் புகுவர் என்பது அவர்கள் வாதம். 2023ஆம் ஆண்டு வெளிவந்த 9413ஆம் குறிப்பு இவ்வாதத்தை விரிவாக எடுத்துரைக்கிறது. பராமரிப்போர் உரிய காலத்தில் பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தால் பொறுத்தலுக்குத் தேவையே நேராது என்பதும் அதனுள் காணப்படும். இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

1983ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் பழைய விதிகள் கைவிடப்பட்டுப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. இம்மாற்றத்திற்கான திட்டத்தை எழுதியவர் போஸ்டெல். உரிய காலத்தில் மாறுமாறு எத்தனையோ முறை அறிவித்தும் பலர் வாளாவிருந்தனர். 1982இல் செர்ஃபும் அவரும் ஒருநாள் பழைய விதிகள் செல்லாதபடி வலையில் அடைத்தனர். உறங்கியவர்கள் அன்று விழித்துக்கொண்டனர்!

அவ்வாண்டிலேயே பெயர்களுக்கும் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. எண்களை மனத்தில் இருத்தல் மாந்தர்க்கு அரிது. போஸ்டெல் கேட்டுக்கொண்டதன் பேரில் அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ், பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் முறையை 1983இல் வகுத்தார். பெயர்கள் மரத்தின் கிளைகள்போல் அமைந்தன. உச்சியில் நாடுகளின் பெயர்கள் வேண்டும் என முடிவாயிற்று. அங்கேதான் இடர் எழுந்தது. எது நாடு, எது நாடு அன்று என்னும் வினாவுக்காக உலகில் போர்களே நிகழ்ந்துள்ளன. போஸ்டெல் அதனைத் தாம் தீர்மானிக்க மறுத்தார். உலகத் தரநிறுவனம் முன்னரே வகுத்திருந்த ஈரெழுத்துப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டார். இதைவிட அறிவார்ந்த முடிவை அவர் வாழ்நாளில் வேறொன்று எடுத்தார் என்று கூறுதல் அரிது.

அப்பட்டியலின்படி பிரான்சுக்கு எஃப், ஆர் என்னும் எழுத்துகள் 1986இலும், இந்தியாவுக்கு ஐ, என் என்னும் எழுத்துகள் 1989இலும் வழங்கப்பட்டன. பிரான்சின் ஆட்சியிலுள்ள ரீயூனியன் தீவு பட்டியலில் தனியே இருப்பதால் அதற்குத் தனியெழுத்துகள் கிடைத்தன. புதுச்சேரியோ 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல்நாள் நடைமுறையாலும், 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டத்தாலும் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஆதலின் புதுச்சேரி அரசின் வலைமுகவரி பி, ஒய் என்னும் எழுத்துகளில் தொடங்கி, அரசைக் குறிக்கும் சொல்லைத் தொடர்ந்து, இந்தியாவின் எழுத்துகளில் முடிகிறது. அதே பி, ஒய் முகவரியின் முடிவில் நின்றால் தென்அமெரிக்காவிலுள்ள பராகுவே நாட்டைக் குறிக்கும். நிற்கும் இடத்தால் பொருள் வேறுபடுவதால் ஒன்று மற்றொன்றனோடு மோதுவதில்லை. தமிழெழுத்திலேயே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என முடியும் முகவரிகளும் பிற்காலத்தில் இம்மரத்தில் கிளைத்தன.

இத்துணைப் பெரும்பணியைச் செய்த அமைப்புக்கு இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையம் என்னும் பெருமிதமான பெயர் இருந்தது. உண்மையில் போஸ்டெலும் அவருடைய துணைவராகப் பணியாற்றிய ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் அம்மையாரும் மற்றும் சிலருமே அவ்வாணையம்! அவருக்கு நீதிமன்றம் இல்லை, காவற்படை இல்லை. அவர் பட்டியலை ஏற்கமாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நடுநிலை தவறாதவர் என்ற நம்பிக்கை ஒன்றே அவருடைய அதிகாரமாக இருந்தது.

குறிப்புகளைப் பொருள் கொடுத்து வாங்கவேண்டிய நிலையும் இல்லை. அக்காலத்தில் உலகத் தரநிறுவனம் வகுத்த போட்டி விதிகள் விலைக்கு விற்கப்பட்டன. போஸ்டெல் பதிப்பித்தவற்றையோ எவரும் எங்கிருந்தும் இலவசமாகப் பெறலாம், படியெடுக்கலாம். 1986இல் இந்தியாவில் தொடங்கப்பெற்ற எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இடம்பெற்றது. அவ்வலையிலும் டி.சி.பி., ஐ.பி. விதிகள் வழங்கின. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் திறந்துவிடப்பட்டபோது நம் நாட்டுப் பொறியாளர்களுக்கு அவ்விதிகள் புதியன அல்ல.

அதே 1995இல் இணையத்தில் பணம் புகுந்தது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனம் அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின்படி வணிகப் பெயர்களைப் பதிந்து வந்தது. இலவசமாக வழங்கிய பெயர்களுக்கு அவ்வாண்டு முதல் இரண்டாண்டுக்கு நூறு டாலர் கட்டணம் பெறலாயிற்று. பெயர்கள் பல்லாயிரமாகப் பெருகின, வழக்குகள் எழுந்தன. பெயர்மரத்தின் வேர் யாருக்கு உரியது என்னும் வினா பிறந்தது. வேரைக் காப்பதற்கு உலகில் 13 தலைமைக் கணிப்பொறிகள் இருந்தன. ஏனையவை அந்நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த ஒன்றைப் பார்த்துப் படியெடுத்து வந்தன.

1998ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் போஸ்டெல் எட்டுத் தலைமைக் கணிப்பொறிகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு மடல் விடுத்தார். இனித் தம் நிறுவனத்துக் கணிப்பொறியைப் பார்த்துப் படியெடுக்குமாறு அதில் வேண்டினார். எண்மரும் அவ்வாறே செய்தனர். ஒரு மனிதர் எழுதிய ஒரு மடலால் இணையத்தின் வேரில் பெரும்பகுதி இடம் மாறியது! பயன்படுத்துவோர் எவரும் இடையூறு ஒன்றும் உணரவில்லை. ஆயினும், அமெரிக்க அரசு திடுக்கிட்டது. அதிபர் கிளிண்டனின் ஆலோசகரான ஐரா மகசீனர் உடனே பழைய நிலைக்குத் திருப்புமாறு வற்புறுத்தினார். தாம் செய்தது ஒரு சோதனையே என்று கூறிப் போஸ்டெல் சில நாட்களில் அனைத்தையும் திருப்பியமைத்தார். அது சோதனைதானா, அரசுக்கு விடுத்த அறிவிப்பா என்பதுபற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், முப்பதாண்டு நம்பிக்கையை ஒருவர் தம் கையிலேயே வைத்திருப்பது எத்துணை வலிமையுடையது, எத்துணை இடர் உடையது என்னும் இரண்டும் அன்று வெளிப்பட்டன.

அவ்விடரை அவரும் உணர்ந்திருந்தார். தமக்குப்பின் இப்பணி எந்த அரசுக்கும் எந்த வணிகருக்கும் உரிமையாகிவிடாமல், பொதுநிறுவனம் ஒன்றால் நடத்தப்பெறல் வேண்டும் என்று அவர் சில ஆண்டுகளாகவே முயன்று வந்தார். 1998 முழுதும் அந்நிறுவனத்திற்கான விதிகளை எழுதுவதிலும், பல நாட்டாரோடு கலந்து பேசுவதிலும் கழிந்தது. சியரா நெவாடா மலைகளில் மூட்டையைச் சுமந்து நடப்பதில் விருப்பமுடைய அவர், அவ்வாண்டைக் கூட்டங்களிலேயே கழிக்க நேர்ந்தது. செப்டம்பர் 30ஆம் நாள் ஐக்கான் என்னும் அப்பொதுநிறுவனம் பதிவு பெற்றது.

போஸ்டெலுக்கு இதயத்தின் வால்வில் கோளாறு இருந்தது. முன்னரே ஒருமுறை அறுவை மருத்துவம் செய்துகொண்டவர், மீண்டும் லாஸ் ஏஞ்சல்சில் மருத்துவமனை சேர்ந்தார். அறுவைக்குப்பின் நிலைமை மோசமாகி, 1998ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் இறந்தார். அவருக்கு வயது 55. ஒன்பது நாட்களுக்குப்பின் புதிய நிறுவனத்தின் ஆட்சிக்குழு நியூயார்க் நகரில் முதன்முறையாகக் கூடியது.

தோழர் செர்ஃப் எழுதிய இரங்கலுரை, போஸ்டெல் பதிப்பித்து வந்த அதே வரிசையில் 2468ஆம் குறிப்பாக வெளிவந்தது. 1999இல் இணையக் கழகம் அவர் பெயரால் ஒரு பரிசு நிறுவி, முதற்பரிசை அவருக்கே அளித்தது. குறிப்புகளைப் பதிப்பிக்கும் பொறுப்பை ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் அம்மையாரும் பாப் பிரேடன் என்பவரும் ஏற்றுக்கொண்டு, அடுத்த எண்ணிலிருந்து தொடர்ந்தனர்.